தொலைந்த நாய் வீடு திரும்ப: காதில் பச்சை குத்துவதா, மைக்ரோசிப் பொருத்துவதா?

கேள்வி: வடவள்ளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஆறு வயது நாட்டு நாய் ஒன்றும் இரண்டு வயதுப் பூனை ஒன்றும் வளர்கின்றன. சென்ற தீபாவளிக்கு முந்தைய இரவு பக்கத்துத் தெருவில் ஆயிரம் வாலா வெடித்த அதிர்ச்சியில், நாய் கழுத்துப் பெல்ட்டை உருவிப் போட்டுவிட்டு, சுற்றுச்சுவரைத் தாண்டி ஓடிவிட்டது. எங்கள் கைப்பேசி எண் பொறித்த வில்லை அந்தப் பெல்ட்டில்தான் இருந்தது. நாய் போய்விட்டது, வில்லை வாசற்படியோரம் கிடந்தது.

ஒன்பது நாள் தேடினோம். மருதமலை அடிவாரம் வரை ஒவ்வொரு பேக்கரியிலும் படம் ஒட்டினோம். கடைசியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்பில் குடியிருக்கும் ஓர் அம்மா, மளிகைக் கடையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து அழைத்தார். அவர் இரண்டாம் நாளே நாயைக் கண்டு, சோறு வைத்து, மாட்டுக் கொட்டகையில் கட்டி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். "வளர்த்த நாயின்னு பார்த்ததுமே தெரிஞ்சுதுங்க, யாரூட்டு நாயின்னு எதை வெச்சுக் கண்டுபுடிக்கறதுங்க?" என்று அவர் கேட்டது இன்னும் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஏழு நாள்கள் அவர் வீட்டில் இருந்த நாய்க்காக, நாங்கள் ஏழு நாள்கள் அழுதுகொண்டிருந்தோம்.

மீண்டும் இப்படி நடக்கக் கூடாது. எங்கள் கால்நடை மருத்துவர் மைக்ரோசிப் பொருத்தச் சொல்கிறார். ஆடு வளர்த்துப் பழகிய என் அப்பாவோ, ஆட்டுக்குச் செய்வது போல் காதில் எண் பச்சை குத்திவிட்டால் எவருக்கும் கருவி தேவைப்படாமல் கண்ணாலேயே தெரியும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. சிப் உண்மையில் எவ்வாறு வேலை செய்கிறது, நம் பகுதியில் அதனால் பயன் உண்டா, பூனைக்கும் பொருத்தலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நாமக்கல் கால்நடை மருத்துவர்

சகோதரி, உங்கள் நாய் திரும்பக் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைத் தவறாகவே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். மைக்ரோசிப் நாய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. உங்கள் கைப்பேசியில் வரைபடம் எதுவும் தெரியாது. இடத்தைக் காட்டுபவை ஜிபிஎஸ் பெல்ட்டுகள். அவற்றுக்கு பேட்டரியும் சிம் கார்டும் வேண்டும், பெல்ட் கழன்றால் அவையும் கழன்றுவிடும். சிப் என்பது உடலை விட்டு நீங்காத ஓர் எண், அவ்வளவே.

அதன் அளவு வெந்த பாசுமதி அரிசி ஒன்றின் அளவு: நீளம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், பருமன் 2 மில்லிமீட்டர். உடலோடு ஒத்துப்போகும் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் எண்ணைத் தாங்கிய சில்லும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது; ஆகவே தீர்ந்துபோவதற்கும் எதுவும் இல்லை. ஸ்கேனரை அருகே கொண்டுசென்றால், அதன் காந்தப்புலம் அந்தச் சுருளில் சிறிதளவு மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த நொடி மட்டும் சில்லு விழித்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. இதெல்லாம் சில அங்குலத் தொலைவுக்குள்தான் நடக்கும். ஐஎஸ்ஓ 11784, 11785 என்னும் தரங்களின்படி அமைந்த சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும்; அதன் எண் 15 இலக்கம் கொண்டது. முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். இந்தியாவுக்குரிய நாட்டுக் குறியீடு 356. 9இல் தொடங்கினால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் குறியீடு என்று கொள்ளலாம். வாங்கும்போது இந்தத் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் பல காலம் 125, 128 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளும் புழங்கியதால், சிப் இருந்தும் ஸ்கேனருக்கு அது தென்படாமல் போன நிகழ்வுகள் அங்கு உண்டு.

பொருத்துவது கடினமன்று. இரு தோள்பட்டைகளுக்கு இடையே தோலைத் தூக்கிப் பிடித்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஊசி வழியாகச் செலுத்துகிறோம். ஊசி தடுப்பூசிக்குரியதைவிடப் பருமனானது என்பதால் நாய் ஒருமுறை உடலைச் சிலிர்க்கும்; மயக்க மருந்து தேவைப்படாது. பூனைக்கும் இதே இடம், இதே முறை. சில வாரங்களில் சுற்றிலும் திசு வளர்ந்து சிப்பை நிலைநிறுத்தும். எனினும் சில விலங்குகளில் அது தோள், மார்பு, முன்னங்கால் பக்கமாக நகர்ந்துவிடுவதுண்டு. எனவே முதுகில் ஒருமுறை காட்டிவிட்டு "சிப் இல்லை" என்று முடிவு கட்டுவது பிழை. கழுத்து, இரு தோள்கள், மார்பு, முன்னங்கால்கள் என்று மெதுவாக, தோலை ஒட்டியவாறு ஸ்கேனரை நகர்த்த வேண்டும். கழுத்தில் இரும்புச் சங்கிலி இருந்தால் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பொருத்துமுன் ஒருமுறை, பொருத்தியபின் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு வரும்போது ஒருமுறை என்று ஸ்கேன் செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

இனிப் பச்சை குத்துவது. அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. நெடுங்காலம் பல நாடுகளில் நாய்களின் காதிலோ உள்தொடையிலோ எண்ணைப் பச்சை குத்தியே அடையாளம் கண்டார்கள். நம் நாட்டிலும் 2001ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்த தெருநாய்களை அடையாளம் காணக் காதில் வெட்டோ பச்சையோ இடச் சொன்னன. ஆனால் குட்டியில் குத்திய எழுத்து நாய் வளர வளர அகன்று மங்கும், மயிர் மூடும், 3 எது, 8 எது என்று தடுமாற நேரும். நாய்க்கு வலியும் அதிகம், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே செய்ய வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 ஜூலை 3க்கு முன் குத்தப்பட்டு, தெளிவாகப் படிக்கக்கூடிய பச்சையை மட்டுமே பயண அடையாளமாக ஏற்கிறது, அதன்பின் சிப்தான்.

பதில்: ஈரோட்டிலிருந்து

மருத்துவர் ஐயா சிப்பைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். சிப்புக்குப் பின்னால் இருக்க வேண்டியதைப் பற்றி நான் எழுத வேண்டும். அதில்தான் நான் அடிபட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுக்காக வளர்ப்பாளரே சிப் பொருத்தியிருந்தார். சான்றிதழில் ஒட்டியிருந்த பட்டைக்கோட்டைப் பார்த்ததும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு மழை நாளில் பெருந்துறைச் சாலைப் பக்கம் நாய் தொலைந்தது. நல்மனம் படைத்த கல்லூரி மாணவர் இருவர் அதைப் பிடித்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருக்கிறார்கள். அங்கே ஸ்கேனர் இருந்தது. சிப்பும் எண்ணைச் சொன்னது. ஆனால் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இருந்தது வளர்ப்பாளரின் பழைய கைப்பேசி எண். அது எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. நான்காம் நாள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்ததால்தான் நாய் எங்களுக்குக் கிடைத்தது. சிப் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. பெயரை மாற்றிப் பதியாதது நான் செய்த தவறு.

ஆகவே தயவுசெய்து கவனியுங்கள்: சிப்பில் உங்கள் பெயரோ முகவரியோ கிடையாது. எண்ணையும் உங்களையும் இணைப்பது பதிவேடு ஒன்றுதான். இந்தியாவில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பதிவேடுகளை வைத்திருக்கின்றன. எந்தப் பதிவேட்டில் ஏற்றினார்கள், யார் பெயரில் ஏற்றினார்கள், எண் மாறினால் எங்கே திருத்துவது என்ற மூன்றையும் மருத்துவமனையை விட்டு வெளியேறுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவே நீங்களே அந்தத் தளத்தில் 15 இலக்கத்தையும் தட்டிப் பாருங்கள். மருத்துவமனையில் பதிந்துவிடுவார்கள் என்று நாமும், உரிமையாளர் பதிந்துகொள்வார் என்று அவர்களும் விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் எடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை, என் நாய் தொலைந்த பிறகு தேடிப் படித்தேன். காப்பகத்துக்கு வந்து சேர்ந்த தெருவில் திரிந்த நாய்களில் மொத்தத்தில் உரிமையாளரிடம் திரும்பியவை 21.9 விழுக்காடு, சிப் இருந்தவற்றில் 52.2 விழுக்காடு. பூனைகளின் கணக்கு இதைவிட வியப்பானது: 1.8 விழுக்காடு எங்கே, 38.5 விழுக்காடு எங்கே! பூனைக்குச் சிப் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் வேண்டும் என்பேன். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அந்த ஆய்வு கண்ட முதன்மையான காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். படித்தபோது என் கதையையே யாரோ எழுதி வைத்தது போல் இருந்தது.

நான் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் பணியாற்றினேன். அங்கே 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்கும், 2024 ஜூன் 10 முதல் பூனைகளுக்கும் சிப் கட்டாயம். பொருத்தினால் மட்டும் போதாது, பதிவேட்டு விவரம் காலத்துக்கேற்ப இருக்க வேண்டும், இல்லையேல் 500 பவுண்டு வரை தண்டம். இத்தனைக்குப் பிறகும், பொது இடத்தில் நாயின் கழுத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992ஆம் ஆண்டின் ஆணையை அவர்கள் எடுத்துவிடவில்லை. ஒன்று வந்ததும் மற்றொன்றைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதில்: காங்கேயத்திலிருந்து

அம்மணி, உங்கள் அப்பாவின் பக்கம் நின்று தொடங்கி, முடிவில் அவருக்கு மாறாகவே பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டியில் குட்டிகளுக்குக் காதில் எண் குத்துகிறோம். முள் எழுத்துகள் பதித்த இடுக்கி ஒன்று இருக்கிறது. காதின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மை தடவி, நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு, மையைக் கட்டைவிரலால் தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டும். கறுத்த காதில் கறுப்பு மை எடுபடாது. பச்சை மை வேண்டும். அப்போதும் நான்கைந்து ஆண்டு கழித்துப் படிக்க வேண்டுமானால், ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் காதின் பின்புறமிருந்து டார்ச் அடித்து, வெளிச்சம் ஊடுருவும்போது எண்ணைப் படிக்க வேண்டும். எங்கள் அமுச்சியின் முன்கையில் இருந்த பச்சை, அவருக்கு எண்பது வயது ஆனபோது கோலமா எழுத்தா என்று தெரியாத ஒரு நீலக் கறையாகிவிட்டிருந்தது. தோலில் எழுதியது தோலோடு சேர்ந்தே முதுமை அடைகிறது.

ஆயினும் ஆட்டுக்குப் பச்சை பயன்படுகிறது. ஏனெனில் எண் எழுதிய நோட்டுப் புத்தகம் எங்கள் சாளையிலேயே இருக்கிறது, படிப்பவரும் நாங்களே. மாட்டுக்கு அரசு போடும் மஞ்சள் காது வில்லையிலும் 12 இலக்க எண் இருக்கிறது. அதற்குரிய கணக்கு அரசின் கணினியில் இருக்கிறது. தொலைந்த நாயின் நிலை வேறு. அது முன்பின் அறியாத ஒருவரின் வாசலில் போய் நிற்கிறது. காதில் 4127 என்று இருப்பதைக் கண்டாலும், அந்தப் பாக்குத் தோப்பு அம்மா யாரை அழைப்பார்? அவர் கையில் நோட்டு இல்லையே. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆடு வளர்த்தவர், உடனே விளங்கிக்கொள்வார்.

சிப்பை நான் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைச் சுற்றுவட்டாரத்தில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. விடியற்காலையில் பத்து ஆடுகள் குடல் சரிந்து கிடப்பதைப் பார்த்த குடியானவனுக்கு, மறுநாள் இரவு கிளுவை வேலியைத் தாண்டி வரும் எந்த நாயும் எதிரிதான். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு இட்டேரி வழியே ஓடிவரும் வீட்டு நாயின் தோலுக்குள் சிப் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இருந்தால் கை ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடி நாயின் உயிர். கிராமப்புறத்தில் வளர்ப்பவர்கள் சிப்புக்கு முன்னதாக இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சிப் படிக்கும் கருவி இருந்து நான் பார்த்ததில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கலாம். மருத்துவர் ஐயா இதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதில்: நாமக்கல் கால்நடை மருத்துவர்

காங்கேயத்து அண்ணா சொல்வதை ஏற்கிறேன். வளர்ப்பு நாய், பூனைகளை மிகுதியாகப் பார்க்கும் நகர மருத்துவமனைகளில் ஸ்கேனர் இருக்கும். சிற்றூர் மருந்தகங்களில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் பகுதி நகரங்களிலும் சிப் பெருகினால்தான் கருவியும் பெருகும். அதுவரை நாய் வளர்ப்போர் தத்தம் ஊர் மருந்தகத்தில் கேட்டு வைப்பது நல்லது. கேட்பவர் இருந்தால்தான் வாங்கி வைப்பார்கள்.

பச்சையையும் நோட்டையும் பற்றி அவர் எழுதியது, நான் பத்து வரியில் சொல்ல முயன்றதைவிடத் தெளிவாக இருக்கிறது.

பதில்: உடுமலையிலிருந்து

பூனையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பூனைக்குப் பெல்ட் போடுவதானால், இழுத்தால் தானே விடுபடும் கொக்கி உள்ளதை மட்டுமே போடுங்கள். எங்கள் பூனை கொய்யாக் கிளையில் சாதாரணப் பெல்ட்டோடு மாட்டித் தொங்கியதை நல்லவேளையாக நேரில் கண்டு காப்பாற்றினோம். விடுபடும் பெல்ட் என்றால் அது அடிக்கடி தொலையும் என்பதால், பூனைக்குச் சிப் இன்னும் அவசியமாகிறது. நாய்க்கு, பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கட்டும். உங்கள் நாய் உருவிக்கொண்டு ஓடியதாக எழுதியிருப்பதைப் பார்த்தால், பெல்ட் அதைவிடத் தளர்வாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: வடவள்ளி வாசகி

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. பெல்ட் தளர்வாக இருந்தது உண்மைதான். நான்கு விரல்கள் நுழைந்தன. நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி, சிப்பே போட்டுவிடலாம்" என்றார்.

சனிக்கிழமை நாய்க்குச் சிப் பொருத்தினோம். மருத்துவர் பொருத்துமுன் ஊசிக்குள் இருந்த சிப்பையே ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் வந்த எண்ணும் உறையில் ஒட்டியிருந்த எண்ணும் ஒன்றுதானா என்று என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். நாய் ஒருமுறை உடலை உதறியது, அதற்குள் முடிந்துவிட்டது. எண் 9இல் தொடங்குகிறது. ஒட்டுவில்லை ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டோம். ஈரோட்டு நண்பர் சொன்னபடி இரவு தளத்தில் தட்டிப் பார்த்தபோது, எண் இருந்தது, ஆனால் என் கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறாக ஏறியிருந்தது. உடனே திருத்தச் செய்து, பொள்ளாச்சியில் இருக்கும் என் அத்தையின் எண்ணையும் இரண்டாவதாகச் சேர்த்தோம். பூனைக்கு அடுத்த வாரம்.

ஞாயிறன்று நாயை அழைத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். சிப்பைப் பற்றிச் சொன்னதும் அவர் நாயின் பிடரி மயிரை விலக்கி, விரலால் நெடுநேரம் தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு கழுத்தில் இருந்த புதிய மின்னும் பெல்ட்டைத் திருப்பி, அதில் தைத்திருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே தம் கைப்பேசியில் அழுத்தினார். என் பையில் மணி அடித்தது. எடுத்துப் பேசச் சொன்னார்; பேசினேன்.